முதல் தடவை தனியா லாங் ரைடு: காரைக்குடியில இருந்து எந்தப் பக்கம் போறது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு நம்ம பக்கத்துல இருந்துக்கிட்டு தினம் காலேல பதினஞ்சு இருபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிப் பழகினவங்களுக்கு ஒரு கட்டத்துல அது பத்தாமப் போகும். ஒரு நாள் முழுக்க ஓட்டணும், தனியா ஓட்டணும், மேடு பள்ளம் இல்லாத அமைதியான ரோடா இருக்கணும்னு தோணும். நல்ல ஆசை. அதுக்கு நம்ம ஊரு மாதிரி வாய்ச்ச இடம் கம்மின்னுதான் நான் சொல்லுவேன். காரைக்குடி கடல் மட்டத்துல இருந்து சுமாரா 80 மீட்டர் உயரம், கிழக்க ஒரு அறுபது கிலோமீட்டர் ரோட்டுல போனா கடல், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான் சரிவு, அது காலுக்குத் தெரியவே தெரியாது. மேக்க சிங்கம்புணரி, பிரான்மலைன்னு போனாத்தான் மலையே தட்டுப்படும்.

அதனால எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணுதானேன்னு தோணலாம், ஆனா அப்படி இல்ல. தனியா போறப்ப ரோடு எவ்வளவு நல்லாருக்குங்கறதை விட, நடுவுல முடியலன்னா எப்படி வீடு வந்து சேர்றது, காத்து எந்த நேரத்துல மூஞ்சிக்கு நேரா வரும், இந்த ரெண்டும்தான் முக்கியம். கிலோமீட்டர் கணக்கு அதுக்கப்புறம். நாலு பேரா போறப்ப ஒருத்தருக்கு ட்யூப் போச்சுன்னா இன்னொருத்தர் கிட்ட இருக்கும், ஒருத்தருக்கு கால் இழுத்துக்கிச்சுன்னா மத்தவங்க காத்தை மறைச்சு முன்னாடி ஓட்டுவாங்க, தனியா போறவங்களுக்கு அது எதுவும் கிடையாது. அதனாலதான் நான் எல்லாத்தையும் இந்த ரெண்டை வச்சே பாக்குறேன். தூரம் எல்லாம் சுமாரா சொல்றேன், நீங்க எந்தத் தெருவுல இருந்து கிளம்புறீங்கங்கறதைப் பொறுத்து ரெண்டு மூணு கிலோமீட்டர் கூடக் கொறைய இருக்கும்.

நம்ம பக்கத்துல யாரைக் கேட்டாலும் முதல்ல சொல்றது தொண்டிதான். காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை, தொண்டி, ஒரு பக்கம் மட்டும் அறுபது கிலோமீட்டர். காலேல கிளம்பி கடலைப் பாத்துட்டு சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன்னு சொல்றதுல ஒரு பெருமை இருக்கு, அதை நான் கொறைச்சு சொல்ல மாட்டேன். தேவகோட்டை தாண்டினதும் ரெண்டு பக்கமும் மானாவாரி வயக்காடு விரிஞ்சு கெடக்கும், நடுவுல கண்மா கரை, பனைமரம், திருவாடானை நெருங்கையில ஆதிரத்தினேஸ்வரர் கோயில் கோபுரம் தூரத்துலேயே தெரிய ஆரம்பிச்சிரும், அதைப் பாத்துக்கிட்டே ஓட்டலாம். தொண்டியில கடல் ஆர்ப்பாட்டம் இல்லாம இருக்கும், பாக் ஜலசந்தி அங்க ஆழம் கம்மி, அலை பெருசா அடிக்காது. போட்டு வந்து நிக்கிற நேரத்துக்குப் போனீங்கன்னா மீன் பாத்துட்டு வரலாம்.

ஆனா முதல் தடவைக்கு அது வேணாம். ஏன்னா இந்த ரோட்டுல நீங்க வீட்டை விட்டு ரொம்பத் தள்ளி இருக்கிற இடம் எதுவோ, சரியா அங்கதான் உங்க பாதி சக்தி தீந்திருக்கும். அறுபது ஓட்டி முடிச்சாச்சு, இன்னும் அறுபது பாக்கி. தொண்டிக்கு ரயிலும் கிடையாது. பஸ் இருக்கு, ஆனா சைக்கிளை ஏத்திக்கிறது கண்டக்டர் மனசைப் பொறுத்தது, கூட்டமா வர்ற பஸ்ஸுல அவரைக் கேக்குறதும் நியாயம் இல்ல. அப்ப மிச்சம் இருக்கிற ஒரே வழி ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) பிடிச்சு சைக்கிளை ஏத்திக்கிட்டு வர்றதுதான், அறுபது கிலோமீட்டருக்கு அவங்க கேக்குற வாடகை கொஞ்சமா இருக்காது.

அதோட நெழல். தேவகோட்டைக்கும் திருவாடானைக்கும் நடுவுல பெரும்பகுதி பொட்டல். போறப்ப காலை நேரம், ஒண்ணும் தெரியாது, சொகமா இருக்கும். திரும்புறப்ப உச்சி வெயில்ல அதே பொட்டல் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். கூடவே தையில போனீங்கன்னா அறுவடை நேரம், நெல்லை ரோட்டு ஓரத்துல பாதி அகலத்துக்கு காயப் போட்டிருப்பாங்க, வைக்கோலும் கெடக்கும், செயின்லயும் கியர்லயும் வைக்கோல் சுத்திக்கிச்சுன்னா இறங்கிப் பிச்சு எடுக்கிறதைத் தவிர வேற வழியில்ல. நெல்லு மேல ஏத்திறவும் கூடாது, அது அவங்க வருசப் பொழப்பு.

இன்னொரு யோசனை திருச்சி ராமேஸ்வரம் ரோடு. பைபாஸ் ஏறி தெக்க ராமநாதபுரம் பக்கமோ, வடக்க திருமயம் புதுக்கோட்டைப் பக்கமோ போறது. ரோடு வழவழன்னு இருக்கும், ஓரத்துல சைக்கிள் ஓட்ட இடம் இருக்கும், ஏதாவது ஆச்சுன்னா 108 சீக்கிரம் வந்து சேரும், பெட்ரோல் பங்க்குல பாத்ரூம் இருக்கும். அமைதியான ரோடு மட்டும் கெடையாது. பக்கத்துல ஒரு டிப்பர் லாரி கடந்து போறப்ப வர்ற காத்தே ஆளை ஒரு தடவை ஆட்டிரும், தனியாப் போறவங்களுக்கு அது மனசை ரொம்பச் சோர வைக்கும். எதிர்ல ராங் சைடுல பைக்கு வரும். புதுக்கோட்டை வரைக்கும் ஒரு நாள் போய் வர, திருமயம் கோட்டை மேல ஏறி உக்காந்துட்டு வரன்னா சரி, நாள் முழுக்க ஓட்டுறதுக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீங்க. இதுல இதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல.

மூணாவது கொஞ்சம் வித்தியாசமானது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. காரைக்குடியில இருந்து புதுவயல், அறந்தாங்கி, பேராவூரணி வழியா பட்டுக்கோட்டை, இது ரயில் லைனை ஒட்டியே போற ரோடு. அந்த ரயில் பாதை 73 கிலோமீட்டர், மீட்டர் கேஜா இருந்ததை மாத்தி 2018ல திரும்பத் திறந்தாங்க, ரோட்டுல போனா அதை விடக் கொஞ்சம் கூட வரும். இதுல அழகு என்னன்னா மண்ணு மாறுறது கண்ணு முன்னாடி தெரியும். இங்கிட்டு செம்மண்ணு, கருவேலங்காடு, தைலமரம், ஊருணின்னு இருக்கும், அறந்தாங்கி தாண்டி பேராவூரணி நெருங்க நெருங்க கல்லணைக் கால்வாய் தண்ணி பாயுற பூமி வந்துரும், பச்சையும் தென்னந்தோப்புமா ஆயிரும். 2018 நவம்பர்ல கஜா புயல் அந்தப் பக்கம் தென்னையைப் பெருசா சாச்சிருச்சு, முன்ன இருந்த அடர்த்தியான நெழலை எல்லா எடத்துலயும் எதிர்பாக்க முடியாது, ஆனாலும் தேவகோட்டைப் பொட்டலுக்கு இது எவ்வளவோ மேல்.

இந்த ரூட்டை எல்லாரும் காரைக்குடியில இருந்து ஓட்டிப் போயிட்டு ரயில்ல திரும்பலாம்னு திட்டம் போடுவாங்க. நான் சொல்றது தலைகீழா. சைக்கிளோட முதல்ல பட்டுக்கோட்டை போய்ச் சேருங்க, அங்கிருந்து வீட்டைப் பாத்து ஓட்டுங்க. இதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, ரயிலோ வண்டியோ, அந்த நிச்சயமில்லாத வேலை காலையிலேயே தெளிவா இருக்கிறப்பவே முடிஞ்சிரும். சாயந்திரம் களைச்சுப் போயி ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு பார்சல்ல ஏத்துவாங்களா மாட்டாங்களான்னு கெஞ்ச வேண்டியது இல்ல. ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து ஒவ்வொரு கிலோமீட்டரும் வீடு பக்கத்துல வந்துக்கிட்டே இருக்கும், நடுவுல நின்னுட்டாலும் உங்களைக் கூட்டிட்டு வர்றவங்க வர வேண்டிய தூரம் கொறைஞ்சிக்கிட்டே போகும்.

ரெண்டாவது காத்து. பட்டுக்கோட்டை நமக்கு வடகிழக்கு. மார்கழி, தை, மாசியில வாடைக்காத்து வடகிழக்குல இருந்துதான் வரும், அப்ப இங்கிருந்து போனா முழுக்க எதிர்க்காத்து, அங்கிருந்து வந்தா முழுக்க முதுகுல. சின்ன வித்தியாசம்னு நெனைக்காதீங்க. காத்தோட தடுப்பு வேகத்தோட இருமடிக்கு ஏறும், நீங்க 15 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப எதிர்ல 15 கிலோமீட்டர் வேகத்துல காத்து வந்தா, காத்தே இல்லாத நாளை விட நாலு மடங்கு தள்ளிக்கிட்டுப் போகணும். தட்டையான ஊர்ல மேடு கெடையாதுன்னு சந்தோசப்படுறவங்களுக்கு காத்துதான் மேடு, அதுக்கு இறக்கமும் கிடையாது. ஆனி ஆடியில இது அப்படியே மாறும், மேகாத்து வீசும், அப்ப இங்கிருந்து பட்டுக்கோட்டைக்கு ஓட்டிப் போறதுதான் லேசு. ஆனா ஆனி ஆடியில முதல் ரைடு வேணாம்னுதான் சொல்வேன், வெக்கையும் புழுதியும் சேந்து வரும்.

இதுலயும் ஒரு கஷ்டம் இருக்கு. அந்த லைன்ல ரயிலு கம்மி, பெரிய ஸ்டேஷன்லதான் சைக்கிளை லக்கேஜா புக் பண்ணி பிரேக் வேன்ல ஏத்த வசதி இருக்கும், நடுவுல சின்ன ஸ்டேஷன்ல வண்டி ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம்தான் நிக்கும், அங்க ஏத்தி இறக்கிறது நடக்காத காரியம். அதனால முதல் நாளே காரைக்குடி ஜங்ஷன்ல பார்சல் ஆபீஸ்ல நேர்ல போய்க் கேட்டுக்கோங்க, போன்ல கேக்காதீங்க. மடக்குற சைக்கிள் வச்சிருக்கவங்களுக்கு இந்தக் கவலை கம்மி, பையில போட்டு கையோட எடுத்துட்டுப் போயிரலாம். இல்லன்னா அந்தப் பக்கம் சரக்கு எடுக்கப் போற வண்டிக்காரங்க யாராவது தெரிஞ்சவங்க இருந்தா வெள்ளன அவங்களோட போயிருங்க.

இப்ப நாலாவது. இதைத்தான் முதல் தடவை தனியாப் போற யாருக்கும் நான் சொல்றது. நம்ம செட்டிநாட்டு ஊர்களையே ஒரு சுத்து. காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், கீழச்சிவல்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், திரும்ப காரைக்குடி. எழுபது கிலோமீட்டர் பக்கம் வரும். கடல் இல்ல, ஊர் பேரைச் சொன்னா யாரும் அசந்து போக மாட்டாங்க, தெரிஞ்ச ஊரைத்தானே சுத்துறேன்னு தோணும். ஆனா எந்த எடத்துல நின்னாலும் வீடு இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான். பிள்ளையார்பட்டியில முடியலையா, வந்த வழியிலேயே திரும்பிரலாம். ஆத்தங்குடியில முடியலையா, அங்கிருந்து காரைக்குடிக்கு நேர் ரோடு இருக்கு, மினி பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் ஓடுற ஊரு. கானாடுகாத்தான் பக்கத்துல செட்டிநாடு ஸ்டேஷன், கோட்டையூர்ல ஒரு ஸ்டேஷன். எந்த ஊர்லயும் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, ஒரு கோயில் ஊருணிப் படிக்கட்டு இருக்கும். தனியாப் போறவங்களுக்கு இதை விட என்ன வேணும்?

எந்தப் பக்கமா சுத்துறதுங்கறதுலயும் விசயம் இருக்கு. நான் மேக்க முதல்ல போகச் சொல்லுவேன், அதாவது குன்றக்குடி, திருப்பத்தூர் முதல்ல, கானாடுகாத்தான் கடைசியில. இந்தச் சுத்துலேயே வண்டி அதிகம் போற ரோடு காரைக்குடி திருப்பத்தூர் ரோடுதான், பிள்ளையார்பட்டிக்கு வர்ற வேனும் காரும் ஏழரை எட்டு மணிக்கு மேல கூட்டம் கட்டும், அதுக்குள்ள நீங்க அதைத் தாண்டிருக்கணும். காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண்ணு கூசாது, பின்னாடி வர்ற வண்டிக்கும் நீங்க நல்லாத் தெரிவீங்க, எதிர்ல வர்றவருக்கு மட்டும் கண்ணு கூசும், அதனால ஓரத்தை விட்டு வராதீங்க. அப்புறம் காத்து, வாடைக்காலத்துல திருப்பத்தூர் வரைக்கும் காத்து பின்னாடி இருந்து தள்ளும், நடுவுல திருப்பத்தூர்ல இருந்து கானாடுகாத்தான் வரைக்கும் கொஞ்சம் எதிர்ல வரும், ஆனா அதுல பெரும்பகுதி கிராமத்து ரோடு, ஊரும் மரமும் கொஞ்சம் மறைக்கும். அப்புறம் கானாடுகாத்தான்ல இருந்து தெக்க திரும்பினதும் கடைசி பதினாலு கிலோமீட்டருக்கு காத்து மறுபடியும் நம்ம பக்கம் வந்துரும். உடம்பு சோந்து போற கடைசிப் பகுதியில காத்து நமக்கு ஒத்தாசையா இருக்கணும், அதுதான் கணக்கு. வடக்க முதல்ல போய் சுத்துனீங்கன்னா கடைசி இருபது கிலோமீட்டர் உச்சி வெயில்ல, கூட்டம் கட்டின ரோட்டுல, எதிர்க்காத்துல வரணும்.

பாக்குறதுக்கும் இந்த ரூட்டுல கொறை இல்ல. பிள்ளையார்பட்டி குடவரையை காலேல கூட்டம் இல்லாத நேரத்துல பாக்குறது வேற அனுபவம். நகரத்தார் கோயில் ஒம்போதுல பிள்ளையார்பட்டி ரோட்டு மேலயே வந்துரும், வைரவன்பட்டி, இரணியூர், இளையாத்தங்குடி எல்லாம் கொஞ்சம் உள்ள திரும்பினா போதும், ஆனா ஒம்போதையும் ஒரே நாள்ல சைக்கிள்ல முடிக்கணும்னு முதல் தடவையே கெளம்பாதீங்க, செருப்பைக் கழட்டி மாட்டி, சைக்கிளைப் பூட்டித் தெறந்து, அதுலேயே பொழுது போயிரும். ஒண்ணு ரெண்டு போதும். ஆத்தங்குடிக்கு ஒம்போதரை பத்துக்குப் போனா தளம் போடுற எடத்துல வேலை நடந்துக்கிட்டு இருக்கும், கண்ணாடித் தகடு மேல அச்சை வச்சு கலர் சிமெண்டை ஒவ்வொரு கட்டத்துலயும் கையாலேயே ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊறப் போடுவாங்க. அந்தப் பளபளப்பு கண்ணாடியில இருந்து வர்றது, தேய்ச்சு வர்றது இல்ல. அரை மணி நேரம் உக்காந்து பாருங்க, காலுக்கும் ஓய்வு. கானாடுகாத்தான்ல பெரிய வீட்டுத் தெருவுக்குள்ள மெதுவா ஒரு ரவுண்டு போங்க, அந்தத் தெருவெல்லாம் நேர் கோடா அகலமா இருக்கும், சைக்கிளுக்குன்னே போட்ட மாதிரி.

எழுபது பத்தாது, நூறு தொடணும்னு நெனைக்கிறவங்களுக்கும் இதுல வழி இருக்கு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, படுத்து எழுந்து, நாலு மணிக்கு மேல தேவகோட்டை போயிட்டு வந்துருங்க, சேத்து நூறைத் தாண்டிரும். முடியலையா, படுத்தே கெடங்க, யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியது இல்ல.

ரெண்டு நாளாப் பிரிச்சு ராத்திரி தங்கிப் போறதைப் பத்தியும் கேக்குறாங்க. நம்ம பக்கம் பழைய வீட்டை மாத்தின ஓட்டல்ல வாடகை ஜாஸ்தி, லாட்ஜ்ல சைக்கிளை ரூமுக்குள்ள விடுவாங்களான்னு கேக்கணும், மறுநாள் வலியோட எழுந்து ஓட்டுறது தனிப் பழக்கம். பிறகு பாத்துக்கலாம்.

சைக்கிளைப் பத்தி நீளமா பேச வேண்டியதில்ல, டயரைப் பத்தி மட்டும் பேசணும். நம்ம ரோட்டோட எதிரி சீமைக்கருவேல முள்ளு. விறகு ஏத்திப் போற டிராக்டர்ல இருந்து விழுகிற கொப்பு ரோட்டுல நசுங்கி, முள்ளு மட்டும் தனியா நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால 25 எம்எம் மெல்லிசு டயர் போட்ட ரோடு பைக் இந்த கிராமத்துச் சுத்துக்கு வேணாம், பட்டுக்கோட்டை ரோட்டுக்குப் பரவால்ல. 32ல இருந்து 40 எம்எம் வரைக்கும் இருக்கிற ஹைப்ரிட் டயர்தான் எல்லாத்துக்கும் ஒத்து வரும். ஷாக் அப்சார்பர் வச்ச எம்டிபி ஓடும், ஆனா நீங்க மிதிக்கிற மிதியில கொஞ்சத்தை அது வாங்கிக்கும், லாக் பண்ற வசதி இருந்தா பண்ணிருங்க. வீட்ல இருக்கிற கியர் இல்லாத பழைய சைக்கிளைக் கொறைச்சு நெனைக்காதீங்க, தட்டையான ரோட்டுக்கு அது போதும், எதிர்க்காத்துலதான் கியர் இல்லாதது தெரியும். சீட்டு உயரத்தை மட்டும் சரி பண்ணிக்கோங்க, பெடல் கீழ இருக்கிறப்ப முழங்கால் லேசா மடங்கினாப் போதும், நம்ம ஆளுங்க பாதிப்பேரு ரொம்ப எறக்கி வச்சு ஓட்டி முட்டியைக் கெடுத்துக்கிறாங்க.

இன்னொண்ணு வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடையில இருக்கிற பம்பு பழைய சைக்கிள் வால்வுக்கும் பைக்கு வால்வுக்கும்தான் சேரும். உங்க சைக்கிள்ல மெல்லிசா நீட்டா இருக்கிற பிரெஸ்டா வால்வா இருந்தா பித்தளை அடாப்டர் ஒண்ணு பையில இருக்கணும், சின்னதுதான், அது இல்லாம அங்க யாரும் உங்களுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டு ட்யூப், ஒரு பம்பு, டயர் கழட்டுற லீவர், ஒட்டுற பேட்ச். வீட்லேயே ரெண்டு மூணு தடவை டயரைக் கழட்டி மாட்டிப் பாத்துருங்க. ட்யூபை மாத்துறதுக்கு முன்னாடி டயருக்கு உள் பக்கம் விரலை மெதுவா விட்டுத் தடவி முள்ளை எடுங்க, அதை விட்டுட்டா புது ட்யூபும் பத்து நிமிசத்துல போயிரும்.

தண்ணி மணிக்கு அரை லிட்டர்ல இருந்து முக்கால் லிட்டர். தாகம் எடுத்தப்புறம் குடிக்கிறது லேட்டு. ரெண்டு பாட்டில், ஒண்ணுல வெறும் தண்ணி, ஒண்ணுல ஓஆர்எஸ் பவுடர். நல்லவேளை நம்ம பக்கம் மோரும் இளநீரும் கம்மங்கூழும் வழியெல்லாம் கெடைக்கும். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு வாழப்பழமோ ரெண்டு கடலமிட்டாயோ. காலேல திருப்பத்தூர்ல இட்லி. செட்டிநாட்டு மட்டன் சாப்பாடு வீட்டுக்கு வந்தப்புறம், நடுவுல சாப்பிட்டு வண்டி ஏறினீங்கன்னா ரெண்டு மணி நேரம் கால் ஒத்துழைக்காது.

வேகத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. புதுசா ஓட்டுறவங்க மணிக்கு பதினஞ்சுல இருந்து பதினெட்டு ஓட்டினா நல்ல வேகம், நின்னு நின்னு போறதையும் சேத்தா பன்னெண்டு பதிமூணுதான் வரும். எழுபது கிலோமீட்டர் சுத்துக்கு ஆறு மணி நேரம் வச்சுக்கோங்க, அஞ்சரைக்குக் கெளம்பினா பதினொன்னரை பன்னெண்டுக்கு வீடு. தை மாசத்துல சூரியன் உதிக்க ஆறரை தாண்டிரும், அதனால முன்னாடி ஒரு லைட்டு, பின்னாடி சிவப்பு லைட்டு கண்டிப்பா வேணும், பனி வேற இறங்கும். வெள்ளன போறப்ப ஊர் எல்லையில நாய் துரத்தும். மிதிச்சு ஓடப் பாக்காதீங்க, எறங்கி நின்னு சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவுல வச்சுக்கிட்டு சத்தமா ஒரு அதட்டு, அப்படியே நாலு எட்டு நடந்து போனா அது எல்லையைத் தாண்டி வராது.

கோட்டையூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டாங்க, "அண்ணே, நான் ஓட்டிருவேன், அதுல பயமில்ல, வீட்ல என்னத்தைச் சொல்லி ஒத்துக்க வைக்கிறது?" நியாயமான கேள்வி. நான் சொன்னது, "பேப்பர்ல எழுதிக் குடும்மா. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு, எந்த எடத்துல போன் பண்ணுவ, எத்தனை மணி வரைக்கும் போன் வரலன்னா அவங்க கெளம்பி வரணும், எல்லாத்தையும் எழுதி அம்மா கையில குடு." இந்தச் சுத்துல ரோடெல்லாம் ஊருக்குள்ள போயி ஊருக்குள்ள வர்ற ரோடு, பத்து பதினஞ்சு நிமிசத்துக்கு ஒரு ஊரு வந்துரும், வாசல்ல உக்காந்திருக்கிற ஆச்சிங்க "எங்கிட்டாத்தா தனியா போறே?"ன்னு கேப்பாங்க, அது தொந்தரவு இல்ல, அவங்க உங்களைப் பாத்திருக்காங்கங்கறதே ஒரு காவல்தான். போன்ல லொகேஷன் ஷேர் பண்ணி வைங்க, மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வைங்க, அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரெண்டு நம்பரும் மனசுல இருக்கட்டும். பொண்ணுங்க தனியாப் போறதுக்குத் தொண்டி ரோட்டை விட இந்தச் சுத்து நல்லதுன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான், அங்க ஊருக்கும் ஊருக்கும் நடுவுல ஆள் நடமாட்டமே இல்லாத தூரம் அதிகம்.

கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வாராவாரம் கொஞ்சம் தூரத்தைக் கூட்டுங்க, இருபது, முப்பது, நாப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சு ஓட்டி மறுநாள் சாதாரணமா எழுந்து வேலைக்குப் போக முடியுதுன்னா எழுபது ஓட்டிருவீங்க.

இந்தச் சுத்தை நல்லபடியா முடிச்சவங்க அடுத்து பட்டுக்கோட்டையில இருந்து வீட்டைப் பாத்து வர்றதை எடுத்துக்கலாம், தொண்டி அதுக்கப்புறம். இல்லன்னா திருப்பத்தூர்ல இருந்து மதுரை ரோட்டுப் பக்கம் கொஞ்சம் நீட்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போயிட்டு வரலாம், நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பறவை இருக்கும். சரணாலயத்துப் பக்கத்துல இருக்கிற கொள்ளுகுடிப்பட்டி ஆளுங்க பறவை பயந்துரும்னு தீபாவளிக்கு வெடியே போடாதவங்க, அங்க போனா சைக்கிள் பெல்லைக் கூட அடிக்காதீங்க.

தேதியைப் பொறுத்த வரைக்கும், பங்குனியில இருந்து வைகாசி முடிய வேணவே வேணாம், 38, 40 டிகிரி அடிக்கும், எட்டு மணிக்கு மேல ரோடே கொதிக்கும். ஐப்பசி கார்த்திகை மழை, கண்மா நெறைஞ்சு பாக்க அழகா இருக்கும், ஆனா கிராமத்து ரோட்டுல தண்ணிக்கு அடியில பள்ளம் தெரியாது. தை நல்ல மாசம்தான், ஆனா பொங்கல் வாரத்தை விட்டுருங்க, தை மூணாம் தேதி சிராவயல் மஞ்சுவிரட்டு, அந்த ரெண்டு மூணு நாளைக்கு திருப்பத்தூர் பக்கம் ரோட்டுல கூட்டமும் மாடும் எந்த நேரத்துல எங்கிட்டு வரும்னு சொல்ல முடியாது. தைப்பூசத்துக்கு முன்னாடி குன்றக்குடியில இருந்து காவடி கெளம்பி பழனிக்கு நடக்கிறவங்களால குன்றக்குடி திருப்பத்தூர் ரோடு நெறைஞ்சிருக்கும், வெறுங்காலோட வர்றவங்களுக்கு நடுவுல சைக்கிளை ஓட்டக் கூடாது, எறங்கித் தள்ளிட்டுப் போறதுக்கு மனசு இருந்தாப் போங்க, வழியெல்லாம் தண்ணியும் மோரும் அவங்களே குடுப்பாங்க. என்னைக் கேட்டா பூசம் முடிஞ்சு மாசி பொறக்குற வரைக்குமான நாளு, இல்லன்னா மாசி முதல் ரெண்டு வாரம். அறுப்பு பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், ரோட்டுல நெல்லு இருக்காது, காலேல குளிர் இருக்கும், வாடை முழுசா விட்டிருக்காது. ஞாயித்துக்கெழமையை விட வார நாள் நல்லது, சங்கடஹர சதுர்த்தி அன்னைக்கு மட்டும் வேணாம், அன்னைக்கு பிள்ளையார்பட்டி ரோட்டுல வேனுங்க விடிகாலைல இருந்தே வர ஆரம்பிச்சிரும்.